மாதாவைத் தோளிலிருந்து இறக்கும்வரை

அப்பொலோனியாவை நான் முதன்முதலாகப் பார்த்தது ஓட்டு வரிசையில். பூகன்வில் தீவு பப்புவா நியூகினியோடு சேர்ந்தே இருப்பதா, தனிநாடாகப் போவதா என்று எங்களைக் கேட்ட ஓட்டு அது. இரண்டாயிரத்துப் பத்தொன்பது, நவம்பர் கடைசி. கோனுவாரு கோவில் பள்ளிக்கூடத்தில் சாவடி. எங்கள் மலைச்சரிவில் பல்கலைக்கழகம் வரை போய்ப் பட்டத்தோடு திரும்பியவன் அன்றைக்கு நான் ஒருவன்தான் என்பதால், விரலில் மை வைக்கும் மேசையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். மை வைக்க எதற்குப் பட்டம் என்று என் அம்மாவே கேட்டாள். அது வேறு கதை.

வரிசை மணிக்கூண்டு வரைக்கும் நீண்டிருந்தது. நாங்கள் அடுப்புக்கரி போன்ற கறுப்பு. அதில் எங்களுக்குக் கர்வமும் உண்டு. அந்த வரிசையின் நடுவே வெந்த செங்கல் நிறத்தில் ஒரு மனிதர் நின்றார். கடலுக்கு அந்தப் பக்கம் பெருந்தீவிலிருந்து வந்தவர்களை நாங்கள் செந்தோலர் என்போம். பின்னால் நின்ற இளவட்டங்களுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏ செந்தோலு, படகுத்துறை அந்தப் பக்கம். உன் ஊருக்குப் போய் ஓட்டுப் போடு."

அவர் திரும்பவே இல்லை. அவருக்கு முன்னால் நின்ற குள்ளமான பெண்தான் திரும்பினார்; அதுதான் அப்பொலோனியா. வாயிலிருந்த பாக்கை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"யாரைடா செந்தோலுங்கிற? இவரு ரொமானா மகன் டொமினிக். இருவாச்சிக் குலம். உங்கம்மா எந்தக் குலம்னு வீட்டுல கேட்டுட்டு வா. அதுவரைக்கும் உன் இடத்தை நான் பிடிச்சு வைக்கிறேன்."

வரிசையே சிரித்தது. மேசைக்கு வந்ததும் அந்த மனிதரிடம் பெயர் கேட்டேன். அவர் முதலில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் "டொமினிக்" என்றார். சொந்தப் பெயரைச் சொல்வதற்கு மனைவி முகத்தைப் பார்க்கும் மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

ஓட்டெல்லாம் முடிந்தபின் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். கொக்கோ விதைகளைக் காயப்போட்டிருந்த பந்தலின் கீழ் உட்கார்ந்து அப்பொலோனியா சொன்னதுதான் இது. மதம்தான் நாடுகளை உடைக்கிறது என்று தேர்வில் நாலு பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். இந்தக் கதையை அந்த நாலு பக்கத்தில் எங்கே சொருகுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், தீவில் சண்டை நடந்த காலம். அப்பொலோனியாவுக்கு இருபத்தாறு வயது. கழுகுக் குலம். எங்கள் பக்கத்தில் மண்ணும் குலமும் அம்மா வழியில்தான் இறங்கும். கழுகுக்காரி கழுகுக்காரனைக் கட்ட முடியாது. இருவாச்சிப் பறவையின் குலத்தானைத்தான் கட்ட வேண்டும். அவள் அப்பா இருவாச்சி. அந்த வகையில் ரொமானா அவளுக்கு அத்தை முறை. ரொமானாவின் ஒரே மகன் டொமினிக், கட்டிக்கொள்ளும் முறை. சண்டைக்கு முன்பு ரொமானா ஒரு பன்றியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பெண்ணும் கேட்டாள். அப்பொலோனியா மாட்டேன் என்றுவிட்டாள். சுரங்கத்துச் சந்தையில் அவள் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. லாரிச் சக்கரம் மாற்றும் பட்டறையில் வேலை பார்த்த லீனுஸ் என்ற செந்தோலன், கடைவாய்ப் பல்லில் சொத்தையை வைத்துக்கொண்டு தினமும் வந்து கடலை வாங்கிக்கொண்டிருந்தான்.

லீனுஸ் பெருந்தீவில் ஓடும் செப்பிக் ஆற்றின் கரைக்காரன். முதுகு முழுவதும் முதலைத்தோல் போலத் தழும்பு. வயது வந்ததும் கீறிவிடுவது அவர்கள் ஊர் வழக்கம். கழுத்தில் ஜெபமாலை தொங்கும். கோவிலில்தான் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கோவில் பாட்டெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது, அதே ராகத்தில். சாமியார் ஊருக்கு வர முடியாத நாட்களில் மாலை ஜெபத்தை அவன்தான் நடத்துவான். கனமான, தண்ணீர் போலப் போகிற குரல்.

பிறகு சண்டை வந்தது. சுரங்கம் மலையைத் தின்று ஆற்றைச் சாம்பலாக்கியது; மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் எழுந்தார்கள்; சுரங்கம் மூடியது. செந்தோலரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போயின. அப்பொலோனியாவுக்கு அப்போது நிறைமாதம். "குழந்தை பிறக்கட்டும், அடுத்த கப்பல்ல பார்த்துக்கலாம்" என்றான் லீனுஸ். அடுத்த கப்பல் வரவில்லை. அரசு கடல்வழியை அடைத்துவிட்டது. உப்பு, மருந்து, மண்ணெண்ணெய் ஒன்றும் இல்லை. தேங்காயெண்ணெய் விளக்கும் சாம்பல் சோப்புமாக நாட்கள் ஓடின. மகள் செலஸ்தீனா நடக்கத் தொடங்கிவிட்டாள்.

உப்புக் காய்ச்சக் கடற்கரைக்கு இறங்கிய டொமினிக்கை அரசுச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றதும் அந்தச் சமயத்தில்தான். உடலைத் தூக்கிவந்தவர்களில் லீனுஸும் ஒருவன். ரொமானா அவனைக் குழிக்குப் பக்கத்தில் வர விடவில்லை.

அடுத்த அக்டோபரில் சிப்பாய்கள் மறுபடி கரை இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் அக்டோபர் மாதாவின் மாதம். கோவில் மாதா சிலையை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாரம் கொண்டுபோய் வைப்பார்கள். மாதா இருக்கும் கூரைக்குக் கீழே ஆயுதம் நுழையக்கூடாது, சத்தம்கூடக் கூடாது. யார் போட்ட விதி என்று தெரியாது. சாமியார்கள் போட்டதல்ல. ஆனால் சண்டைக்காலம் முழுக்க அதை யாரும் மீறியதில்லை. அந்த வாரம் மாதா அப்பொலோனியா வீட்டில்.

திங்கட்கிழமை மாலை, ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது புரட்சிப்படையின் தளபதி ஹிலேரியன் இரண்டு ஆட்களோடு வந்தான். தண்ணீர்க்குழாயில் செய்த துப்பாக்கியைக் கொய்யா மரத்தில் சாய்த்து வைத்தான். காலைக் கழுவினான். உள்ளே வந்து லீனுஸுக்கு நேர் பின்னால் முழங்காலிட்டு, முழு ஜெபமாலையும் சொன்னான். அப்பொலோனியாவுக்கு ஒரு மணிகூட நாக்கில் வரவில்லை. கணவனின் பிடரியும் அவன் பிடரிக்குப் பின்னாலிருந்த முகமுமே கண்ணில் நின்றன.

முடிந்ததும் ஹிலேரியன் அவளைக் கொய்யா மரத்தடிக்குக் கூப்பிட்டான். சிறு வயதில் ஒரே பெஞ்சில் படித்தவன்தான்.

"அக்கா, மாதா இங்கேருந்து எப்போ கிளம்புறாங்க?"

"ஞாயித்துக்கிழமை. அடுத்து ரொமானா அத்தை வீடு."

"அப்போ ஞாயிறு வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லிடு ஹிலேரியன்."

"மேலேருந்து உத்தரவு. மண்ணுல குலம் இல்லாத ஆளு யாரா இருந்தாலும் முகாமுக்குக் கூட்டிட்டு வரணும். கரையில சிப்பாய் இருக்கான். யாரு யாருக்குச் சேதி சொல்றாங்கன்னு தெரியாது."

பக்கத்து ஊர் வாத்தியாரை அப்படித்தான் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். அவரும் செந்தோலர். அவருடைய மூக்குக்கண்ணாடி திரும்பி வந்தது, வேறொருவன் முகத்தில்.

"இப்பத்தானே அவரு பின்னாடி முட்டி போட்டு ஜெபம் சொன்ன?" என்றாள்.

"சொன்னேன். அவரு குரல்ல கேட்டா மனசு இறங்குது. பொய் சொல்லல." கழுத்திலிருந்த ஜெபமாலையை எடுத்துக் காட்டினான். "இது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? செத்த சிப்பாய் கழுத்துலேருந்து. அவங்களும் இதைத்தான் சொல்லிட்டு வந்து சுடுறாங்க, நாங்களும் இதைச் சொல்லிட்டுத்தான் சுடுறோம். மாதா எல்லாருக்கும் பொதுக்கா. மண்ணு பொதுவா?"

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் லீனுஸுக்கு ஒரு குலம் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதா வாசலைத் தாண்டியதும் அவனைக் கொண்டுபோய்விடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் உபதேசியாரிடம் ஓடினாள். சாமியார் இல்லாத ஊரில் எல்லாம் அவர்தான்.

"மாதாவை இன்னொரு வாரம் எங்க வீட்டுல வைச்சுக்கலாமா ஐயா?"

"காய்ச்சல்ல கிடந்த பெனடிக்டாவுக்கே ஒரு நாள் கூடக் கொடுக்கல. முறைன்னா முறைதான். ரொமானா வாசலுக்கு மணல் எல்லாம் போட்டு வைச்சிருக்கா."

"அப்போ ஹிலேரியன்கிட்ட நீங்க பேசுங்க."

"பேசாமலா? ஞானஸ்நானம் வாங்கினவங்க எல்லாம் ஒரே குலம்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஆமென்னு சொன்னான்." உபதேசியார் கையை விரித்தார். "சொல்லிட்டு, துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டான்."

அன்றிலிருந்து அவளுக்கு இரவெல்லாம் காது வாசலில்தான். நாய் குரைத்தால் எழுந்தாள், குரைக்காவிட்டாலும் எழுந்தாள். லீனுஸ்தான் ஒன்றுமே நடக்காதது மாதிரி விறகு பிளந்துகொண்டிருந்தான். "ஆத்துக்காரன் நான். நீந்தியே எங்க ஊருக்குப் போயிடுவேன்" என்று சிரித்தான். அவன் சிரித்தால் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அவன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"முடிஞ்சுது. எனக்குக் குலம் கிடைச்சாச்சு."

"யாரு கொடுத்தா?"

"உன் பெரியம்மாதான். நேராப் போய்க் கேட்டேன். மகனா எடுத்துக்கிறேன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஜெபத்துல எல்லார் முன்னாலயும் சொல்றாங்களாம். இனி நானும் கழுகு."

அப்பொலோனியா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"லீனுஸ், என் பெரியம்மா மகன் எனக்கு என்ன முறை?"

அவன் ஊரில் குலம் அப்பா வழி. மனைவி வீட்டில் வாழ்கிறவன் மனைவி குலத்தில் சேர்வது இயல்புதானே என்று நினைத்திருக்கிறான். எட்டு வருடம் எங்களோடு இருந்தும் அந்த இடத்தில் சறுக்கிவிட்டான். அவளுக்குக் கோபம் பெரியம்மா மேல்தான் வந்தது.

பெரியம்மா அகத்தா அசையவில்லை. "அவனுக்குத் தெரியல. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சரின்னேன். உசுரோட இருக்கிற அண்ணன் வேணுமா, செத்துப்போன புருஷன் வேணுமா? நீயே சொல்லுடி."

அதற்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. அன்று மாலையே ஹிலேரியன் சொல்லியனுப்பினான்: கழுகுக் குலம் அவனை மகனாக எடுத்தால் எடுத்ததுதான்; ஆனால் அண்ணனும் தங்கையும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தால் அது குலம் அல்ல, ஏமாற்று. ஞாயிறன்று அப்பொலோனியா மாதாவுக்கு முன்னால் அவனை அண்ணன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

அவள் தம்பி கிளீத்துஸ் லீனுஸின் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான். எங்கள் பக்கத்தில் வயது வந்த அண்ணன் தங்கை ஒரே சுவருக்குள் படுக்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது தம்பியின் பொறுப்பு.

"மச்சான், ஞாயிறு வரைக்கும் நீங்க வெளியில படுக்கணும். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு."

"வெளியில படுத்தா மாதா கூரை இல்லையேடா" என்றாள் அப்பொலோனியா. "அவங்க வந்து தூக்கிட்டுப் போனா?"

மூவரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியில் கிளீத்துஸுக்குத்தான் யோசனை வந்தது. இறவாரத்துக்குக் கீழே, சுவருக்கு வெளியே, ஓலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு உள்ளே படுத்தால் கூரையும் உண்டு, சுவரும் நடுவில் இருக்கும். லீனுஸ் ஒருக்களித்துப் படுத்தான். கால் நீளம், பாதம் கோட்டுக்கு வெளியே போனது.

"காலை மடக்கு" என்றாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

"மடக்கிட்டேன்."

"இன்னும் மடக்கு."

"முதுகுல முதலை இருக்கு அப்பொலோனியா, ஆமை இல்ல."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூங்கில் சுவருக்கு அப்பாலிருந்து அவன் சொன்னான்: "நீ என்ன சொல்றியோ அதுதான். அண்ணன்னு சொன்னா அண்ணன். நான் மறுத்துப் பேச மாட்டேன்." முடிவை முழுவதுமாக அவள் மடியில் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவள் ரொமானா வீட்டுக்குப் போனாள். ரொமானா பன்றிகளுக்குக் கிழங்குத் தோலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாதா ஞாயித்துக்கிழமைதானே வர்றா? நீ என்ன முன்கூட்டியே?"

"அத்தை..."

"உன் புருஷன் உனக்கு அண்ணன் ஆயிட்டானாமே. பன்றிகூட அதைக் கேட்டுட்டுச் சிரிக்குது."

"அத்தை, நீங்க அவரை மகனா எடுத்துக்கணும். உங்க குலம்னா முறை சரியா வரும்."

ரொமானா கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். நெடுநேரம் தட்டினாள், கூடையில் ஒன்றுமில்லை.

"அத்தை மகன் ஒருத்தன் உனக்கு இருந்தான். பன்றியோட வந்து கேட்டேன். வேண்டாம்னே. இன்னைக்கு என் பிள்ளை வேண்டாம், என் பிள்ளை இடம் மட்டும் வேணும். அப்படித்தானே?"

அப்பொலோனியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பிள்ளையைச் சுட்டவன் அந்த நிறம். அந்த நிறத்தைக் கண்டா எனக்குக் கிழங்கு தொண்டையில நிக்குது. அவனைப் போய் மகனேன்னு கூப்பிடச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?"

"நல்லா இல்ல அத்தை. கேக்க வேற ஆளு இல்ல."

"மாதா வரட்டும். வாசல் பெருக்கி வைக்கிறேன். அவன் வர வேண்டாம்."

ஆனால் சிலையைக் கொடுக்கும் வீட்டு ஆண்தான் அதைத் தோளில் தூக்கிப் போக வேண்டும் என்பது வழக்கம். கிளீத்துஸ் நான் தூக்குகிறேன் என்றான். லீனுஸ் விடவில்லை. "எங்க வீட்டுக்கு வந்த மாதா. நான்தான் கொண்டுபோய் விடணும்." அப்பொலோனியாவும் தடுக்கவில்லை. மாதா தோளில் இருக்கும்வரை யாரும் அவன்மேல் கை வைக்க மாட்டார்கள். அவ்வளவு தூரமாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாள்.

வீடு மாறும் முன் மாதா கோவிலுக்கு வருவது வழக்கம்; ஞாயிற்றுக்கிழமை லீனுஸ் சிலையைக் கொண்டுவந்து இறக்கியபோது கோவில் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் ஹிலேரியனும் அவன் ஆட்களும் நின்றார்கள். துப்பாக்கிகள் வெளியே, படியோரம். ஜெபம் முடிந்ததும் பெரியம்மா எழுந்து, இந்த லீனுஸை என் மகனாக எடுத்துக்கொள்கிறேன் என்றாள். உபதேசியார் அப்பொலோனியாவைப் பார்த்தார். ஊரும் பார்த்தது.

அவள் எழுந்தாள். முந்தின நாள் முழுதும் 'அண்ணன்' என்ற சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போதுகூடச் சொன்னாள். அதைச் சொன்னால் அவன் இருப்பான். கிழங்குத் தோட்டத்தில் எதிரெதிரே போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். குழந்தை அவனை மாமா என்று கூப்பிடும். ஆனாலும் இருப்பான்.

"சொல்லும்மா" என்றார் உபதேசியார்.

"இவரு என் புருஷன்" என்றாள். "மாதா முன்னாடிதான் கட்டிக்கிட்டேன். அதே மாதா முன்னாடி மாத்திச் சொல்ல எனக்கு வாய் வரல."

பெரியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் ஹிலேரியன் கண்ணை மூடித் திறந்தான். அவ்வளவுதான். லீனுஸ் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, போய்ச் சிலையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

பாதி வழியில் மழை பிடித்தது. சுண்ணாம்புச் சாந்தில் செய்து வர்ணம் பூசிய சிலை அது. ஆளுக்கு ஆள் தாங்கள் மழைக்குப் போர்த்தியிருந்த தாழை ஓலைக் கொங்காணியைக் கழற்றி அதன்மேல் போட்டார்கள். மக்கள் பாட்டுப் பாடிக்கொண்டே நனைந்தார்கள். பின்வரிசையில் ஹிலேரியனின் ஆட்களும் பாடினார்கள், துப்பாக்கியை மடித்த சாக்குக்குள் வைத்துக்கொண்டு. அப்பொலோனியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லீனுஸின் குதிகாலையே பார்த்து நடந்தாள். சேற்றில் அது வழுக்கும்போதெல்லாம் அவள் கை முன்னால் நீண்டது.

ரொமானாவின் வாசல் பெருக்கியிருந்தது. மணல் போட்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது.

பாட்டு முடிந்தது. கதவு திறக்கவில்லை. உபதேசியார் மறுபடி அதே பாட்டைத் தொடங்கினார். அதுவும் முடிந்தது. லீனுஸ் சிலையை இறக்கவில்லை. இறக்கி வைக்கப் படியில் பலகை தயாராக இருந்தது; அவன் பலகைக்குப் பக்கத்தில் போகவே இல்லை. ஏன் இறக்கவில்லை என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மூன்றாம் முறை பாட்டு ஆரம்பித்தபோது பாதிப் பேருக்குக் குரல் எழவில்லை. அவன் தோள் ஆடத் தொடங்கியது. ஒரு கொங்காணி சரிந்து விழுந்தது. மாதாவின் நீல அங்கியிலிருந்து சாயம் கரைந்து அவன் முதுகில், முதலைத் தழும்புகளுக்கு நடுவே ஓடியது.

"கிளீத்துஸ், போய்ப் பிடி" என்றாள் அப்பொலோனியா.

"பிடிச்சா அவரு தோள் காலியாயிடும்க்கா" என்றான் தம்பி. அழுதுகொண்டிருந்தான்.

கதவு திறந்தது. ரொமானா கையில் காட்டுக்கத்தியோடு வந்தாள். விறகு வெட்டிக்கொண்டிருந்தாளோ, வேறு எதற்கோ, யாருக்கும் தெரியாது. மழையில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். நீலம் ஒழுகும் முதுகைப் பின்னால் போய்ப் பார்த்தாள். திரும்பவும் முன்னால் வந்தாள்.

"எவ்வளவு நேரம் மாதாவை மழையில நிறுத்துவ? இறக்கு டொமினிக்."

லீனுஸுக்கு முதலில் புரியவில்லை.

"உன்னைத்தான். காது செவிடா? டொமினிக், இறக்குடா."

பிறகு ஹிலேரியன் பக்கம் திரும்பினாள். "ஒரு செந்தோலன் என் பிள்ளையை எடுத்தான். நான் ஒரு செந்தோலனை எடுத்துக்கிறேன். இருவாச்சி மண்ணுல இனி இவனுக்கு இடம் உண்டு. யாருக்காவது பேச்சிருந்தா இப்பவே பேசிடுங்க, மாதா நனையிறா."

உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "சிலுவையடியில நம்ம ஆண்டவர் தாய்க்கு ஒரு மகனைக் கொடுத்தாரே, அது மாதிரி..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பன்றி வேலி சாஞ்சு கிடக்கு. ஆளு வேணும்."

ஹிலேரியன் டொமினிக்கின் கூட்டாளி. இருவரும் சேர்ந்துதான் முதல் துப்பாக்கியைச் செய்தார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"டொமினிக்குக்குச் சுடத் தெரியும் அத்தை. இவருக்குத் தெரியுமா?"

"சுடத் தெரிஞ்ச பிள்ளைதான் செத்துப்போச்சே. இவனுக்கு வேலி போடத் தெரிஞ்சா போதும்."

லீனுஸ் சிலையைப் பலகையில் இறக்கினான். தோள் காலியானது. அப்பொலோனியா அந்தக் கணத்தில் ஹிலேரியன் கையிலிருந்த துப்பாக்கிச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிலேரியன் சாக்கைத் தரையில் வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் முழங்காலிட்டான். போகும்போது அவள் காதில் விழும்படி சொன்னான்: "குலம் இருக்குன்னு மேல சொல்றேன்க்கா. அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

கூட்டம் உள்ளே போனபின் ரொமானா அப்பொலோனியாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கடைசியில எனக்கு மருமகளாத்தானே வந்து சேர்ந்த?" என்றாள். அவள் சிரித்த மாதிரி இல்லை.

முகாமிலிருந்து ஆள் வரவில்லை. ஆனால் இனி வரமாட்டார்கள் என்று அப்பொலோனியாவுக்கு எந்த நாளில் தெரியும்? சமாதானம் கையெழுத்தாகும்வரை நாய் குரைத்த ஒவ்வொரு சமயமும் அவள் சாமான்களுக்கு நடுவே காட்டுக்கத்தியைத் தேடினாள். கரையிலிருந்த சிப்பாய்களுக்கோ அவன் துரோகி. அவர்கள் கண்ணில் பட்டாலும் முடிந்தது. லீனுஸ் என்று யாரும் கூப்பிடக்கூடாது. அவளே தனியாக இருக்கும்போதுகூட டொமினிக் என்றுதான் கூப்பிட்டாள், பழக்கம் தவறி ஊரின் முன்னால் வாய் குழறிவிடக்கூடாதே என்று. வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, வேண்டும் என்று கட்டியவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சமாதானத்துக்குப் பிறகு செப்பிக்கிலிருந்து அவருடைய கூடப்பிறந்த அண்ணன் வந்தான். அங்கே தங்கள் தாய் செத்து ஐந்து வருடம் ஆகிவிட்டதாகச் சொன்னான். "லீனுஸ்" என்று அவன் கூப்பிட்டபோது இவர் திரும்பவில்லை. ரொமானா பக்கத்தில் இருந்தாள். "போய் அழுதுட்டு வா" என்றாள் ரொமானா. அவர் படகேறியபோது, இனி வரமாட்டார் என்றே அப்பொலோனியா நினைத்தாள். அங்கே அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது, ஆறு இருந்தது. அடுத்த மாதம், சொன்ன படகுக்கு முந்தின படகிலேயே வந்து இறங்கினார். பன்றி வேலி மறுபடி சாய்ந்திருக்குமே என்றாராம்.

ரொமானா சாகும்போது அவர்தான் குழி வெட்டினார். மகன் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். ஹிலேரியன் இப்போது ரம்பம் வைத்து மரம் அறுக்கிறார். அக்டோபரில் மாலை ஜெபத்துக்கு வந்து அதே இடத்தில்தான் உட்காருவார்.

அந்த ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தனிநாடு வேண்டும் என்றார்கள். அப்பொலோனியாவும் அப்படித்தான் போட்டாராம். கணவர் எதற்குப் போட்டார் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது. தனிநாடு வந்தால் செப்பிக்கில் பிறந்தவருக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைக்கும் என்று அப்பொலோனியா அரசு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். இருவாச்சி என்றால் பிரச்சினை இருக்காது என்றார் ஒருவர். கேட்டுச் சொல்கிறேன் என்றார் இன்னொருவர். இன்னும் சொல்லவில்லை.

அப்பொலோனியாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கோனுவாருவில், ரொமானா விட்டுப்போன மண்ணை ஒட்டிய வீட்டில் கணவரோடு இருக்கிறார். கொக்கோ காயவைத்து விற்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நாய் வளர்ப்பதில்லை.